பிஸ்கட் டின்னில் சேர்த்த காயங்கள்

போன வாரம் என் மகள் மலரின் மோட்டார் சைக்கிளில் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது.

புக்கிட் காதில் பசாரில், சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி படுத்துக் கிடக்கிறது. காய்கறி லோரி ஒன்று பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டு, இடித்தது தெரியாமலேயே போய்விட்டதாம். தெரியாமலா? இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் சொன்னாள். நான்தான் பதறினேன். நான் பதறுவது என் கதைகளைப் படிக்கிற உங்களுக்குப் புதிதல்ல. வெளியூர் போனால் பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிறவன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு போய் மின்சார அடுப்பு வந்துவிட்டது. கவலை மட்டும் மாறவில்லை.

"கிளைம் பண்ணும்மா. இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுறோம்?"

"ஐயோ அப்பா... இது எக்ஸஸுக்குள்ளேயே அடங்கிரும். முதல் பங்கு நம்ம தலையிலதான். அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி. கண்ணாடிக்குப் போய் கிளைம் போட்டா ஒண்ணும் வராது. கிளைம் போடாததுக்குத் தர்ற வருஷ போனஸும் போயிரும்."

சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

நான் மெதுவாக வாசலுக்குப் போனேன். வண்டியின் கூடைக்குள் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பழைய நாளிதழில் சுற்றினேன். சமையலறையில் காலியாக இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் கை நாற்பது வருடங்களுக்கும் மேலாகப் பின்னால் போய்விட்டிருந்தது — மலாக்காவில் நான் வளர்ந்த காஜா பேராங்குக்கு.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது.

மலாக்காவைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். யார் யார் வீட்டிலோ திடீரென்று பீங்கான் தட்டுகளும் சாய்வு நாற்காலிகளும் முளைத்தன. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

'எங்களுக்கு' என்றால் எனக்கும் ராஜூவுக்கும்.

நான் அப்போது புங்கா ராயா ரோட்டில் ராவுத்தர் முதலாளியின் மளிகை மொத்தக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன கிடைக்கும்? அப்பா படுத்த படுக்கையான வருடம் பையை மாட்டி வைத்தேன்; திரும்ப எடுக்கவில்லை. மிளகாய் மூட்டை முதுகில் ஏறினால் குளித்த பிறகும் எரியும். ராத்திரி குப்புறத்தான் படுப்பேன்.

ராவுத்தர் ஒருநாள் சொன்னார். "முத்து, உனக்கு வாய் இருக்கு. சந்தேகம் கேட்டுக் கேட்டே ஆளை மடக்கிருவே. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வழி பண்ணு. தோட்டத்துக் கடைங்களுக்குப் போய் ஆர்டர் எடுக்கிற வேலையைத் தர்றேன்."

மூட்டை இல்லாத வேலை! சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிற வேலை!

தனியாக வண்டி வாங்க முடியாது. அதனால் ராஜூவைக் கூட்டாளியாக, எங்கள் பேச்சில் கொங்சி, சேர்த்தேன். ராஜூ கம்போங் செட்டிக்காரன்; தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழும் செட்டிகளின் குடியிருப்பு அது. பக்கத்துத் தெருதான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பட்டம் விட்டவர்கள் நாங்கள். அவர்கள் வீட்டில் சாமி படமெல்லாம் நம் வீட்டில் உள்ளதுதான், பேச்சுதான் மலாய். நடுவில் நம் வார்த்தைகள் நாலைந்து எட்டிப் பார்க்கும். அவன் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வார நாட்களில் துறைமுக ஆபீசில் வேலை அவனுக்கு. சனி, ஞாயிறு வந்தால் வயலின்காரன். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் டொண்டாங் சாயாங் என்கிற மலாய்ப் பாட்டுக் கச்சேரிக்கு ராஜூ வேண்டும். ஆகவே ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது. வார நாட்கள் எனக்கு, வாரக் கடைசி அவனுக்கு. யார் நாளில் அடி பட்டாலும் செலவு பாதிப் பாதி. கொங்சி என்றால் கொங்சிதான்.

வண்டி வந்த அன்றே எனக்குக் கவலையும் வந்துவிட்டது. விழுந்தால்? இடித்தால்? எரிந்தால்? ராஜூ தலையில் அடித்துக்கொண்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சாமுவேலை அழைத்து வந்தான்.

சாமுவேல் வெள்ளைக் கால்சட்டையின் கணுக்காலில் க்ளிப் மாட்டிக்கொண்டு பழைய மிதிவண்டியில் வந்து இறங்கினார்.

"ஊருக்கெல்லாம் மோட்டார் இன்சூரன்ஸ் விக்கிறீங்க... நீங்க ஏன் அண்ணே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கல?" என்று கேட்டேன்.

"என்னென்ன ஆகும்னு எனக்குத்தானே தம்பி தெரியும்!"

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்காமல் இருப்பேனா?

அவர்தான் முதன்முதலில் எக்ஸஸ் என்ற சொல்லை எங்களுக்குச் சொன்னவர். "வண்டிக்கு அடி பட்டா, முதல்ல ஒரு தொகை வரைக்கும் உங்க பொறுப்பு. அதைத் தாண்டினா, தாண்டினது மட்டும் கம்பெனி பொறுப்பு. சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்காம இருக்கத்தான் இந்த ஏற்பாடு."

"மாடு வந்து முட்டினா?"

"முதல் பங்கு உங்களுது."

"தப்பு மாட்டு மேல இருந்தாலுமா?"

"யார் தப்பா இருந்தாலும் முதல் பங்கை நீங்க போட்டாகணும். அப்புறமா மாட்டுக்காரரைப் பிடிச்சு வாங்கிக்கிட்டா அது உங்க சாமர்த்தியம். மாடு இன்சூரன்ஸ் எடுத்திருக்கான்னு விசாரிங்க."

ராஜூ விழுந்து விழுந்து சிரித்தான். சாமுவேல் இரண்டு விதம் காட்டினார். எக்ஸஸ் சின்னதாக இருந்தால் வருடச் சந்தா பெரியது. எக்ஸஸ் பெரிதாக இருந்தால் சந்தா சின்னது. நான் சின்ன எக்ஸஸ்தான் வேண்டும் என்றேன். எப்படியும் விழத்தானே போகிறோம்! ராஜூ ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "நாம என்ன, விழறதுக்கா வண்டி வாங்கினோம்?"

சந்தா குறைந்தது. எக்ஸஸ் உயர்ந்தது. கையெழுத்துப் போட்டோம்.

முதல் காயம் அந்த வாரமே விழுந்தது. ஊரெல்லாம் மெர்டேக்காவுக்கு வளைவு கட்டியிருந்தார்கள். மூங்கில், தென்னங்குருத்து, வண்ணக் காகிதம். ராஜூ வயலினைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி "மெர்டேக்கா!" என்று கத்தியபடி வளைவுக்குள் நுழைந்திருக்கிறான். வளைவு தப்பியது. முன் மட்கார்டு மடங்கியது. ஜனங்கள் கை தட்டினார்களாம் — அதுவும் கொண்டாட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து.

சாமுவேலைப் பார்த்தோம். "இது எக்ஸஸ்ல கால்வாசிகூட வராது" என்றார்.

இரண்டாவது என்னுடையது. மச்சாப் ஊர்ப் பக்கம் ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று ஒரு கோழி யோசித்துக்கொண்டு நின்றது. அது யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். நின்ற வண்டியோடு பக்கவாட்டில் விழுந்தேன். ஓடும் வண்டியிலிருந்து விழுகிறவன் உண்டு. நின்ற வண்டியிலிருந்து விழ ஒரு தனிக் கவலை வேண்டும். கால் மிதி வளைந்தது. பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்தது.

இதுவும் எக்ஸஸுக்குள்தான்.

அப்போதுதான் கம்போங் செட்டியில் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கொண்டு, வண்டியையே பார்த்தபடி ராஜூ சொன்னான். "மட்கார்டு கால் பங்கு. இது ஒரு கால் பங்கு. அப்போ பாதி ஆயிடுச்சுல்ல?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இப்போ சரி பண்ணாதே. சிம்பான் டூலு!" என்றான். இப்போதைக்குச் சேர்த்து வை!

எவ்வளவு அழகான யோசனை! அரிசிப் பானையில் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது போல. தோட்டத்துப் பெண்கள் மாதாமாதம் கூட்டுச் சீட்டுக் கட்டிக் கடைசியில் மொத்தமாக எடுப்பது போல. சின்னச் சின்ன அடிகளைச் சேர்த்து வைத்து, எக்ஸஸைத் தாண்டியதும் ஒரே கிளைமாகப் போட்டுவிட்டால்... கம்பெனி வந்துதானே ஆகவேண்டும்?

சிவப்புக் கண்ணாடித் துண்டுகளை எல்லாம் நான்தான் பொறுக்கினேன். நாளைக்கு 'கண்ணாடி எங்கே?' என்று கேட்டால் என்ன செய்வது? நாளிதழில் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டு, சாமி மாடத்துக்குக் கீழே வைத்தேன்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது. எதிலாவது இடித்தால் மற்றவர்கள் "ஐயோ!" என்பார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து "சிம்பான்!" என்போம். குருபோங் பக்கம் கல்யாணத்துக்குப் போன ராஜூவை மாடு ஒன்று நிஜமாகவே முட்டியது. சைலன்ஸர் நசுங்கியது. "மாட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை. விசாரிச்சுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தான். சிம்பான்! ஒரு தோட்டத்தில் என் சீட்டை நாய் கடித்துக் குதறியது. சிம்பான்! நசுங்கிய சைலன்ஸரின் சத்தத்துக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் அரை மைலுக்கு முன்பே ஓடி வந்து நிற்பார்கள். "மிளகாய்க்கார அண்ணன் வந்துட்டாரு!" அந்தச் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வரிசை பிசகாத ரப்பர் மரங்கள், காலை வெயிலில் பால் வாடை, என் முதுகில் மூட்டை இல்லாத அந்த லேசு... இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் காற்று முகத்தில் படுகிறது.

மார்கழி மழையில் ராஜூ ஒரு வாய்க்காலுக்குள் வண்டியை இறக்கினான். முன் விளக்கின் கண்ணாடி போயிற்று, வளையமும் போயிற்று. டின் நிறைந்தது.

மறுநாள் கடை வாசலில் வண்டியைப் பார்த்த ராவுத்தருக்கு முகம் சிவந்தது. "என்னப்பா இது? ஒத்தைக் கண்ணும் போச்சா? இந்தக் கோலத்துல என் கடைப் பேரைச் சொல்லிக்கிட்டு தோட்டம் தோட்டமாப் போறியா? பொங்கல் கழிஞ்ச மறுநாள் வண்டி வண்டியா இருக்கணும். இல்லேன்னா, மிளகாய் மூட்டை இருக்கு, உன் முதுகு இருக்கு. என் மருமகன் வேற சும்மாத்தான் இருக்கான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜூ மட்டும் கலங்கவில்லை. "இப்பத்தான் எக்ஸஸைத் தாண்டிட்டோமே! கூப்பிடு சாமுவேலை."

சாமுவேல் வந்த நாள் போகி. கம்போங் செட்டியில் அன்றைக்குப் பர்ச்சு. அவர்கள் வீட்டு முன்னோர்களுக்குப் படைக்கிற நாள். வீட்டுக்குள் வாழை இலை போட்டு, சாதம், சம்பல், கோழி, பலகாரம் எல்லாம் பரிமாறிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பருக்கை யாரும் தொடக்கூடாது. வாசனை மட்டும் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து எங்களைப் படுத்திக்கொண்டிருந்தது.

ஆக, சாமுவேலும் எங்களோடு முற்றத்தில் நின்றார். நடுவில் வண்டி நின்றது.

நான் டின்னைத் திறந்தேன். ராஜூ கச்சேரி செய்வது போல ஆரம்பித்தான். "இந்த மட்கார்டு மெர்டேக்கா வளைவு. இந்தக் கால் மிதி, முத்துவும் கோழியும். சைலன்ஸர் மாடு. சீட்டு நாய். விளக்கு வாய்க்கால். மொத்தம் எக்ஸஸைத் தாண்டிடுச்சு அண்ணே. எங்க முதல் பங்கைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கம்பெனி தரட்டும்."

சாமுவேல் முதலில் சிரிக்கவில்லை. டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதிவண்டி சீட்டில் சாய்ந்துவிட்டார்.

"தம்பிங்களா... இது உண்டியல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு எக்ஸஸ். வளைவுக்கு ஒண்ணு, கோழிக்கு ஒண்ணு, மாட்டுக்கு ஒண்ணு. தனித்தனியாத்தான் பார்ப்பாங்க. எந்த அடியும் தனியா அந்த வரம்பைத் தாண்டல. அடி பட்ட கையோட சொல்லியிருக்கணும், அதுவும் சொல்லல. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா என்னையும் சேர்த்துத் துரத்திருவாங்க."

"அப்போ கோழிக்கு நாங்க பொறுத்துக்கிட்டது கணக்குல வராதா?" என்றேன்.

"வராது. மாட்டுக்கு மறுபடியும் முதல்லேர்ந்து."

என் முதுகு எரிய ஆரம்பித்தது. மிளகாய் மூட்டை ஏறி உட்கார்ந்துவிட்டது போல.

"எல்லாம் உன் வயலினால வந்தது!" என்று கத்தினேன். "வளைவு நீ, மாடு நீ, வாய்க்கால் நீ! நாளன்னைக்கு மூட்டை தூக்கப்போறது நான்! பாதி என்ன பாதி? இந்தக் கொங்சியே வேண்டாம், வித்துத் தொலைப்போம்!"

முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜூ குனிந்து டின்னை மூடினான். படையல் நாளில் சத்தம் போட்டுவிட்டேனே என்று எனக்கு அடுத்த கவலை வேறு.

அவனுடைய அக்கா லெட்சுமிதான் பேசினாள். பேச்சில் எப்போதும் கொஞ்சம் மிளகாய் தூவியிருப்பவள். சாத்தியிருந்த கதவைக் கை காட்டினாள்.

"உள்ளே இருக்கிறவங்க போன வருஷமும்தான் முதல்ல சாப்பிட்டாங்க. அதுக்காக இந்த வருஷம் நாம முதல்ல கை வைக்க முடியுதா? தியாப்-தியாப் காலி அவங்கதான் முதல்ல. ஒவ்வொரு தடவையும்! உங்க கம்பெனியும் இதைத்தானே சொல்லுது? வருஷா வருஷம் இங்கே பசியோட நிக்கிறீங்க... இதுகூடத் தெரியலையா உங்க ரெண்டு பேருக்கும்?"

சாமுவேல், "ஆபீஸ்ல என்னைவிட உங்களுக்குத்தான் வேலை கொடுக்கணும்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜூ மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

"முத்து, இனிமே பாதிப் பாதி வேண்டாம். சாமுவேல் அண்ணன் மாதிரியே வெச்சுக்குவோம். எந்த அடி பட்டாலும் முதல் பங்கு நான். என்னால தாங்காததுக்கு மட்டும் நீ வா. நான் எக்ஸஸ். நீ கம்பெனி."

"ஒவ்வொரு தடவையுமா?"

"தியாப்-தியாப் காலி."

கதவு திறந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். என் இலையில் கோழியை வைத்தது யாரென்று பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது. சம்பல் காரம் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் அன்று காலையிலேயே அவன் பட்டறைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி இழுத்து வந்திருக்கிறான். கல்யாணக் கச்சேரிகளில் சேர்த்தது முழுவதும் அந்தப் பட்டறையில்தான் இறங்கியது. புது வயலின் வாங்க வைத்திருந்தது அது என்று லெட்சுமி சொல்லித்தான் எனக்குப் பின்னால் தெரியும். மறுநாள் புது விளக்கோடு நான் தோட்டத்துக்குப் போனேன். சத்தம் இல்லாத வண்டியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் ஓடி வரவே இல்லை. ராவுத்தர் கடையில் அதற்குப் பிறகு நான் மூட்டை தூக்கவும் இல்லை. தோட்டம் தோட்டமாகச் சுற்றியபோது கேட்ட கதைகளைத்தான் பிறகு எழுத ஆரம்பித்தேன். அப்படித்தான் உங்களிடமும் வந்து சேர்ந்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். வண்டியை விடுங்கள் — வீட்டுக்குள் எத்தனை பேர் சின்னச் சின்னக் காயங்களைச் சரி செய்யாமல் டின்னில் போட்டுச் சேர்த்து வைக்கிறோம்! அன்றைக்கு நீ சொன்ன சொல், போன தீபாவளிக்கு நீ வராதது, அதற்கு முந்தின கல்யாணத்தில் நீ பேசாதது... எல்லாம் சேர்த்து ஒருநாள் மொத்தமாகக் கிளைம் போடுகிறோம். எந்தக் கம்பெனி தரும்? அடி பட்ட கையோடு சொல்லிவிட்டு, முதல் பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறவன் கிடைத்தால் விடாதீர்கள்.

மலரின் கண்ணாடி உடைந்த அன்று சாயங்காலம் ராஜூவுக்கு போன் போட்டேன். இன்னும் அதே கம்போங் செட்டி வீடுதான்.

"கண்ணாடி உடைஞ்சிருச்சா? சிம்பான்!" என்று சிரித்தான். பிறகு பேச்சு எங்கெங்கோ போய், முழங்கால் வலி என்றான். சர்க்கரை என்றான். இடது கண்ணில் புரை விழுந்து வில்லும் தந்தியும் மங்கலாகத் தெரிகிறதாம்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"எல்லாத்தையும் சேர்த்து வெச்சிருக்கேன். ஒரே தடவையாப் போய்க் காட்டிக்கலாம்னு..."

"டேய்! இன்னுமா உனக்குப் புரியல? கண்ணு தனி, காலு தனி. செவ்வாய்க்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"காத்திருக்கணும், அலையணும்... உனக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்?"

"இந்தத் தடவை நான் எக்ஸஸ். நீ பேசாம கம்பெனியா இரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சம்பல் காரம் அங்கேயும் ஏறிவிட்டது போல.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் பிஸ்கட் டின்னைத் தூக்கிப் போடச் சொல்கிறாள் மலர். போட்டுவிடலாம்தான்... ஆனால் கம்பெனிக்காரர்கள் நாளைக்கே சட்டத்தை மாற்றிவிட்டால்?